கடைசிப் பெயர் ஜென்ட்னர்

எங்கள் மாநிலச் சட்டசபையில் பன்னிரண்டு வருஷம் பெயர் கூப்பிட்டவன் நான். என் பெயர் கார்னீலியஸ் டோலன். மசோதா ஓட்டுக்கு வந்தால் எழுந்து நின்று, நூறு உறுப்பினர்களின் பெயரையும் ஏ எழுத்தில் தொடங்கி இசட் வரைக்கும் உரக்கப் படிப்பேன். கூப்பிடப்பட்டவர் ‘ஆமாம்’ என்பார், அல்லது ‘இல்லை’ என்பார். நான் குறித்துக்கொள்வேன். முதல் பெயர் ஆசென். கடைசிப் பெயர் ஜென்ட்னர்.

ஆசென் வடக்கே ஏரிக்கரையில் பண்ணை வைத்திருந்த நார்வேக்காரர். சபையில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாத நேரத்தில் அவர் வாயைத் திறந்தாக வேண்டும். ஏரியில் பனி கெட்டியாகிவிட்டதா என்று முதல் காலை வைத்துப் பார்க்கிற ஆள் மாதிரி. அவரும் சளைக்காமல் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு உட்காருவார், பாதி நாள் தோற்றும் போவார். ஃப்ரிடோலின் ஜென்ட்னரின் கதை வேறு. அவர் முறை வரும்போது தொண்ணூற்றொன்பது பேர் பதில் சொல்லி முடித்திருப்பார்கள். உள்ளங்கை அளவு அட்டையும் மொட்டைப் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவார். நான் ‘ஜென்ட்னர்’ என்று கூப்பிட்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து, நாட்டின் விதியையே நிர்ணயிக்கிற குரலில் ‘ஆமாம்’ என்பார், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்பார். எந்தப் பக்கம் கோடு அதிகமோ அந்தப் பக்கம்.

இந்த மனிதர் அரசியலுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரும் நானும் நியூ லிந்தால் என்கிற ஒரே ஊர். அங்கே சுவிஸ்காரர்கள் சீஸ் செய்வார்கள். எங்களைப்போன்ற ஐரிஷ்காரர்கள் தண்டவாளம் போட வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். ஜென்ட்னர் ஒரு சிகாகோ வியாபாரிக்காகச் சீஸ் வாங்குகிறவர். வண்டிச்சக்கரம் அளவு சீஸைச் சின்னச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நிற்பார். விலையை மட்டும் தானாகச் சொல்லமாட்டார். விற்கிறவன் பொறுமை இழந்து ஒரு விலை சொல்லி, பிறகு அவனே அதைக் குறைத்தும் சொல்கிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்க நல்ல பெரிய உருவம், சாந்தமான மீசை, கை கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

1904-ல் எங்கள் மாவட்டத்தில் கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது. ரயில்வே கம்பெனிப் பக்கம் ஒரு கூட்டம், சீர்திருத்தம் என்று கத்துகிற கூட்டம் ஒன்று. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு பீர்க்கடையின் பின்னறையில் கூடினார்கள். ஒரு பகல் முழுக்கச் சண்டை. தின்ன வைத்திருந்த சாஸேஜும் தீர்ந்துபோனது. அப்போது யாரோ கேட்டார்கள்.

“நம்ம ஃப்ரிடோலின் ஜென்ட்னர் எப்படி?”

“அவன் எந்தப் பக்கம்?”

“தெரியலையே.”

“எனக்கும் தெரியல. அவன் எதைப் பத்தியாவது ஏதாச்சும் சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?”

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் நினைவு வரவில்லை.

“அப்ப அவன்தான்யா சரியான ஆளு!”

இப்படித்தான் அவர் சபைக்கு வந்தார். நானும் அதே குளிர்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னை நியமித்த ஆணை கைக்கு வந்து நான்கு நாள் கழித்து, என்னைச் சிபாரிசு செய்து ஜென்ட்னர் ஒரு கடிதம் எழுதினார். அன்றிலிருந்து ஊரில் அவர் சொன்னது, “கார்னிக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நியமன ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகவா போக முடியும்?

தன் பெயரின் அருமை முதல் வாரத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் தோற்றதே கிடையாது. வெண்ணெய்க்குச் சாயம் போடுவது, காக்காய் சுட்டால் சன்மானம், பள்ளிக்கூடத்துக்கு விறகு என்று எந்த மசோதாவானாலும் ஜெயித்த பக்கம்தான் அவர் ஓட்டு. மது ஒழிப்பு மாதர் சங்கம் ஒரு நாள் அவருக்குக் காப்பியும் கேக்கும் கொடுத்துப் பாராட்டியது. மறுவாரம் பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கம் விருந்து வைத்தது. இரண்டு இடத்திலும் ஒரே பேச்சைத்தான் பேசினார்: “உங்க மசோதா ஜெயிச்சதுன்னா அது என்னாலதான். கடைசி ஓட்டு நான் போட்டது.” கடைசி ஓட்டு என்பதில் பொய் இல்லை. தேர்தல் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்தார்கள்: ‘ஜென்ட்னர் – ஒருமுறைகூடத் தோற்காத ஓட்டு.’ சனங்கள் அதைப் படித்துவிட்டு, இவர் கையில் ஏதோ பெரிய பிடி இருக்கிறது என்று நம்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் சபையில் இருந்தவர்களும் நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு முறை ஓட்டு சரிசமமாக அவரிடம் வந்து நின்றது. ஒருவர் வரவில்லை; மற்றவர்கள் நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. ஜென்ட்னர் அட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அன்று அவருக்கு வந்த இருமலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வெளியே போய்விட்டார். மசோதா விழுந்தது. பத்து நிமிஷத்தில் வெளித்தாழ்வாரத்தில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

இன்னொன்று. 1910-ல் கிழக்குப் பக்கத்தில் ஒரு தொகுதியில் ஜூபர் என்பவரை எங்கள் கட்சி நிறுத்தியது. இசட்டில் தொடங்கும் பெயர்; ஜென்ட்னருக்கும் பின்னால் வருகிற பெயர். சேதி கேட்டதும் ஜென்ட்னர் பெட்டியைக் கட்டினார். சொந்தச் செலவில் இரண்டு நாள் ரயிலேறிப் போய், எதிர்க்கட்சி வேட்பாளருக்காக ஆறு கூட்டத்தில் பேசினார். கூடவே ஒரு முழு வட்டு சீஸும் கொண்டுபோய் இறக்கினார். ஏன் என்று கட்சித் தலைவர் கேட்டபோது, “கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே” என்றாராம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அந்த ஒரு தரம்தான். ஜூபர் தோற்றார்.

இப்போது வெரேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை சிரித்துக்கொண்டு சொன்னேன். இனிமேல் அவ்வளவு சிரிப்பு வராது.

நியூ லிந்தாலில் ரயில்பாதை ஊரை நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. வீடுகள் ஒரு பக்கம். சீஸ் ஆலையும் பள்ளிக்கூடமும் மறுபக்கம். கடக்கிற இடத்தில் கேட் கிடையாது, காவலாள் கிடையாது, ஒரு பலகை மட்டும் உண்டு. 1911 நவம்பரில், மூடுபனிக் காலையில், பால்கேன்களோடு தண்டவாளத்தைக் கடந்த காஸ்பர் டூர்ஸ்டின் வண்டியைச் சரக்கு ரயில் அடித்துக்கொண்டு போனது. அங்கேயே செத்துப்போன காஸ்பர், ஜென்ட்னருக்குச் சித்தி மகன். அவர் மனைவிதான் வெரேனா. இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் தினம் அதே இடத்தைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வெரேனா தானே கூட வந்து, தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளைக் கடக்கவிடுவாள். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

ஊருக்குள் ரயில்பாதையைக் கடக்கிற இடங்களில் எல்லாம் கம்பெனி கேட் போட்டு ஆள் வைக்க வேண்டும் என்று 1913-ல் ஆசென் ஒரு மசோதா கொண்டுவந்தார். வெரேனா ஜென்ட்னர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். “என் ஓட்டு உனக்கு இல்லாம வேற யாருக்கும்மா?” என்றார் அவர். சபையில் தொண்ணூற்றொன்பது பேர் சொல்லி முடித்தபோது மசோதா தோற்றிருந்தது. நான் ‘ஜென்ட்னர்’ என்றேன். அவர் ‘இல்லை’ என்றார். என் கையால்தான் எழுதினேன். ஊருக்குப் போய் வாய் கூசாமல் அவளிடம் சொன்னார்: “நான் ஆமாம்னுதான் சொன்னேன் வெரேனா. மத்தவனுங்க கவுத்துட்டானுங்க.” 1915-லும் அதே கதை, அதே வசனம். நானும் இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமே என்ற பயம். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1917 ஜனவரியில் சபை கூடியபோது என் வேலையில் மண் விழுந்திருந்தது. மின்சார ஓட்டு இயந்திரம் வந்துவிட்டது. ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் இரண்டு பொத்தான்: வெள்ளை என்றால் ஆமாம், சிவப்பு என்றால் இல்லை. சுவரில் பெரிய பலகை, அதில் நூறு பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விளக்கு. எல்லோரும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். நான் சாவியைத் திருப்புகிறவரை ஒரு விளக்கும் எரியாது. திருப்பிய பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது. பன்னிரண்டு வருஷம் கூரை அதிரக் கத்தியவன் பூட்டுத் திறக்கிற ஆளாகிவிட்டேன்.

ஜென்ட்னர் என் மேஜைக்கு வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“கார்னி, இதுல முதல்ல யாரு?”

“எல்லாரும்தான்.”

“சரி, கடைசில?”

“கடைசின்னு ஒண்ணு கிடையாதுங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “இது எப்படிய்யா ஜனநாயகம் ஆகும்?” என்றார்.

அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவருக்கு எட்டு முறை இருமல் வந்தது. மார்ச்சில் கேட் மசோதா மூன்றாம் முறையாக வந்தது. இந்தத் தடவை வெரேனா ஊருக்கே போய்க் கையெழுத்து வாங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் கொண்ட மனுவோடு தானே தலைநகருக்கு வந்துவிட்டாள். கறுப்புக் கோட்டு, துணியில் சுற்றிய பேரிக்காய் ரொட்டி. காலை ஒன்பது மணிக்கே பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

“அண்ணே, ரொட்டி உங்களுக்குத்தான். ஓட்டு முடிஞ்சதும் தரேன். இந்தத் தடவை விளக்கு எரியுமாமே? கண்ணாலயே பாத்துட்டுப் போறேன்” என்று ஜென்ட்னரிடம் சொன்னாள்.

அவள் மாடத்தில் இருக்கும்போது இருமலுக்கும் வழியில்லை. ஜென்ட்னர் ஆடிப்போனார். ஓட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்குள் எண்ணிக்கை தெரிந்தாக வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஆளாளுக்குப் போய்க் கேட்கத் தொடங்கினார். அட்டையும் பென்சிலுமாகத் தாழ்வாரத்தில் ஒருவர் விடாமல் மடக்கி, “கேட் மசோதாவுக்கு நீங்க எப்படி?” என்று கேட்டார். வியர்த்து வழிகிற முகம், தழுதழுத்த குரல். பார்த்தவர்களுக்கு, மசோதாவுக்காக உயிரை விடுகிறார் என்றே தோன்றியது.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்ட இடம் சரியில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் ரயில்வே கம்பெனியின் வக்கீல் மெரிக், சுருட்டைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் துணிந்து ‘ஆமாம்’ என்பார்கள்? பெரும்பாலோர் மெரிக்குக்குக் கேட்கும்படி, “நான் எதிர்ப்புத்தாங்க” என்றார்கள். ஜென்ட்னர் சிவப்புப் பக்கம் கோடு கோடாகப் போட்டுக்கொண்டார்.

அதே ஆட்கள் கோட்டு மாட்டுகிற அறைக்குள் வந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்னய்யா டோலன், ஜென்ட்னர் கேட் மசோதாவுக்கு ஆள் பிடிக்கிறாராமே?”

“ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு இருக்காரு, அது மட்டும் நெசம்” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“மதில்மேல் பூனையாச்சே அவரு! குதிச்சிட்டாருன்னா அந்தப் பக்கம் கெட்டியா இருக்குன்னுதான் அர்த்தம்.”

“பன்னெண்டு வருஷம் தோக்காத ஆளுய்யா. அவருக்குத் தெரியாத கணக்கா?”

“அப்ப நாமளும் வெள்ளையே அமுக்கிடுவோம். தோக்கிற பக்கம் நின்னு ரயில்வேகிட்டயும் பேர் வாங்காம, ஊர்லயும் பேர் வாங்காம எதுக்கு?”

இந்தப் பேச்சு சாப்பாட்டு மேஜை மேஜையாகப் பரவியது. பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் தீர்வதற்குள் பதினைந்து இருபது பேர் பக்கம் மாறிவிட்டார்கள். ஜென்ட்னர் மட்டும் சாப்பிடவில்லை. ஜன்னலோரம் நின்று அட்டையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு ஆசென் எழுந்து நான்கு வாக்கியம் பேசினார். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். தொண்ணூற்றொன்பது கைகள் மேஜைக்கு அடியில் போயின. ஒருவருக்கு மட்டும் அன்று நிஜமாகவே உடம்பு சரியில்லை. ஜென்ட்னர் ஒருமுறை மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். வெரேனா ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பலகையின் அடியில், கடைசிப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையைத் தாழ்த்தி அட்டையைப் பார்த்தார். கை அசைந்தது. நான் சாவியைத் திருப்பினேன்.

பலகை முழுக்க விளக்கு. ஐம்பத்தொன்று வெள்ளை, நாற்பத்தெட்டு சிவப்பு. மசோதா நிறைவேறிவிட்டது. மாடத்தில் யாரோ கைதட்டினார்கள். பலகையின் அடியில், ஜென்ட்னர் என்ற பெயருக்குப் பக்கத்தில், சிவப்பு.

நான் மாடிக்கு ஓடினேன். வெரேனா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“முன்ன ரெண்டு தடவையும் இதே விளக்குத்தானா?” என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

“மேல முதல் பேரு யாரு? வெள்ளை எரியுதே.”

“ஆசென்.”

“இதை அவருக்குக் குடுத்துடுங்க” என்று ரொட்டியை என் கையில் வைத்துவிட்டு, நாலு மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

கீழே ஜென்ட்னர் கிழிந்த அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். “அம்பத்தொண்ணா? எப்படிய்யா? என் கணக்குல அறுபத்தஞ்சு பேரு எதிர்ப்பு!”

எனக்கு வந்த கோபத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. “உங்களாலதான்யா ஜெயிச்சது! நீங்க பேய் பிடிச்ச மாதிரி ஓடுறதைப் பாத்துட்டு, ஜெயிக்கிற பக்கம் இதுதான்னு அத்தனை பேரும் வெள்ளையை அமுக்கிட்டானுங்க. நீங்க பேசாம உக்காந்திருந்தா மசோதா செத்திருக்கும்!”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு அந்தப் பெரிய முகம் மெல்ல மலர்ந்தது. “அப்ப என்னாலதான் ஜெயிச்சுது” என்றார். இந்த வசனத்தை அவர் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அது நிஜம்.

அந்த அக்டோபரில் அக்காளைப் பார்க்க ஊருக்குப் போனேன். ஸ்டேஷனுக்கே தன் ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு ஜென்ட்னர் வந்திருந்தார். நான் வருவது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! அடுத்த வருஷம் தேர்தல். சிவப்பு விளக்குச் சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சீஸ் ஆலையில் அவருக்கு வணக்கம் சொல்லக்கூட ஆளில்லை. வழியெல்லாம் என்னைக் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

“நீ ஒரு வார்த்தை சொன்னா ஊரு நம்பும் கார்னி. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கிறான்.”

கார் ரயில்பாதைக்கு வந்தது. புது கேட், வெள்ளைச் சாயம் அடித்து, சிவப்புப் பட்டை போட்டது. கம்பெனி காவலாளாக வைத்திருந்தது வெரேனாவை. ஊரார் சேர்ந்து கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை. தொப்பியும் கொடியுமாக நின்றிருந்தாள். எங்களுக்கு முன்னால் போன இரண்டு பால்வண்டிகளை விட்டுவிட்டு, கேட்டை எங்கள் மூக்குக்கு நேரே இறக்கினாள். தூரத்தில் ரயில் ஊதியது. மறுபக்கத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் பெண்கள் இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, என்ன அவசரமும் இல்லாமல் எதையோ தின்றுகொண்டு நின்றார்கள். 

ஜென்ட்னர் காரிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

“வெரேனா, சத்தியமா சொல்றேன். இந்த கேட் வந்ததே என்னாலதான்.”

“போன தடவையும் ஆமாம்னுதான் சொன்னேன்னு சொன்னீங்கண்ணே” என்றாள் அவள், ரயில் வரும் திசையைப் பார்த்தபடியே.

“இது நெசம்! கார்னியைக் கேளு. கார்னி, சொல்லுய்யா!”

அவள் என் பக்கம் திரும்பினாள். ஊரிலேயே பெரிய குரல் என்னுடையது. இரண்டு தடவை இந்த ஆளுடைய பொய்யைக் காப்பாற்ற நான் சும்மா இருந்தேன். இப்போது அவரிடம் ஒரே ஒரு உண்மை இருக்கிறது, அதற்கு ஒரே சாட்சி நான். சொல்லலாம். சொல்லியிருக்க வேண்டும். எங்கிருந்தோ அந்தச் சனியன் பிடித்த சிபாரிசுக் கடிதம் நினைவுக்கு வந்தது. அவள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நம்பி ஏமாந்ததும் நினைவுக்கு வந்தது.

ரயில் வந்தது. அந்த இரைச்சல் முடிகிறவரை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசிப் பெட்டி போனதும் அவள் கேட்டைத் தூக்கினாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல” என்றேன்.

அடுத்த செப்டம்பரில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டிலேயே ஜென்ட்னர் தோற்றார். அதற்கு மறு குளிர்காலத்தில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வெரேனா வந்திருந்தாள். என்னைத் தவிர, கல்லறைக்கு வந்தவர்கள் பதினாறு பேர். நான் எண்ணினேன், பழக்கதோஷம். பதினாறு பேரில் ஒருவருக்கும் அந்த கேட்டைப் போட்டது யார் என்று தெரியாது. அதை இன்றைக்கு எழுதிவிட்டேன். நாளைக் காலையில் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய், அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நானே உரக்கப் படிக்கப்போகிறேன்.